கேரட் புட்டிங் நடுவில் ஏன் கொழகொழவென்று நிற்கிறது?

சகோதரி, உங்கள் கேள்வி நீளமாக இருந்ததால், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி தக்கலைப் பக்கம் வந்திருக்கிறீர்கள். மாமியாரின் பழைய நோட்டில் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற ‘கேரட் புட்டிங்’ என்று ஒன்று இருக்கிறது. துருவிய கேரட், துருவிய உருளைக்கிழங்கு, மைதா, சீனி, உலர்ந்த திராட்சை எல்லாம் ஒவ்வொரு கப், ‘சூயட்’ அரை கப், ஆப்பச் சோடா ஒரு ஸ்பூன், கிராம்பு பட்டைப் பொடி, மூன்று மணி நேரம் ஆவி. நீங்கள் சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டு, சூயட் என்றால் என்னவென்று தெரியாததால் உருக்கிய நெய் ஊற்றி, எவர்சில்வர் தூக்குச்சட்டியில் நிரப்பி, இட்லிப் பாத்திரத்துக்குள் வைத்து வேகவைத்திருக்கிறீர்கள். மேலே வெந்த மாதிரி தெரிந்ததும் ஒன்றரை மணி நேரத்தில் எடுத்துவிட்டீர்கள். ஓரமெல்லாம் வெந்து நடுவில் கொழகொழவென்று இருந்தது, லேசாக சோப்பு வாடை அடித்தது, வெட்டினால் அங்கங்கே பச்சைப் புள்ளி. ஓவன் வாங்கினால் சரியாகுமா, இது உண்மையிலேயே நம்ம ஊர் பலகாரம்தானா, சுகர் இருக்கிற மாமனாருக்குக் கருப்பட்டி போட்டதைக் கொடுக்கலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற கேள்வி, இந்தக் குறிப்பில் எதை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம், எதில் கை வைத்தால் மொத்தமும் கெடும் என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் கேட்டரிங் படித்துவிட்டுப் பல வருஷம் கப்பல் சமையலறையில் இனிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். எங்களுக்குத் தலைமை சமையல்காரராக இருந்தவர் ஆங்கிலேயர், குளிர்காலப் பயணங்களில் ஆவியில் வேகவைத்த புட்டிங் வாரத்துக்கு ஒரு தடவையாவது மெனுவில் இருக்கும். இப்போது கருங்கலில் வீட்டிலிருந்தே டிசம்பரில் ஆர்டருக்குக் கேக்கும் புட்டிங்கும் செய்கிறேன். அதனால் ஆவிப் புட்டிங் விஷயத்தில் தைரியமாகச் சொல்வேன். உங்கள் தூக்குச்சட்டி எவ்வளவு ஆழம், தீ எப்படி எரிந்தது, மாமியாரின் கப் எவ்வளவு பெரிது என்பதெல்லாம் நான் பார்க்காதவை, அந்த இடங்களில் நான் சொல்வது ஊகம்தான்.

ஓவன் வேண்டாம். அதை முதலிலேயே தள்ளிவிடுவோம். இந்த வகைப் புட்டிங் ஓவன் இல்லாத வீட்டில், ஒரு பெரிய பானையும் தண்ணீரும் விறகும் மட்டும் இருந்த அடுக்களையில் செய்த சமாச்சாரம். உங்கள் குறிப்பை அப்படியே ஓவனில் வைத்தால், உள்ளே வேகுவதற்குள் மேலே காய்ந்து தோல் பிடிக்கும்.

அப்புறம், நம்ம ஊரில் கேரட் புட்டிங் என்று சொல்லிக்கொண்டு மூன்று வேறு வேறு பண்டங்களைச் செய்கிறார்கள், இணையத்தில் தேடினாலும் மூன்றும் கலந்துதான் வரும், அதில் ஒன்றின் யோசனையை இன்னொன்றில் போட்டால் குழப்பம்தான். ஒன்று வடக்கத்திய கேரட் அல்வா. துருவலைப் பாலில் போட்டு வற்ற வற்றக் கிளறி, நெய்யும் சீனியும் சேர்ப்பது. அங்கே குளிர்காலத்தில் வருகிற கேரட் சிவப்பாக, நீளமாக, சாறு நிறைய உள்ளதாக இருக்கும், அந்தச் சிவப்பு தக்காளியில் இருக்கிற அதே லைகோபீன் என்ற நிறமி. லக்னோ பக்கம் கறுப்புக் கேரட்டிலும் அல்வா உண்டு. நமக்கு வடசேரி சந்தைக்கு வருவது ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து ஆரஞ்சு நிறக் கேரட். அதில் அல்வா நன்றாகவே வரும், ஆனால் டெல்லிக் கடையில் பார்த்த சிவப்பு வரவில்லையே என்று கலர் பொடி போடாதீர்கள். இரண்டாவது கேரட் பாயாசம். வேகவைத்து அரைத்துப் பாலில் விடுவது, அல்லது நம்ம பிரதமன் கணக்கில் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ப்பது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டம், சக்கைப் பழம் (பலாப்பழம்), அடை, சிறுபயறு என்று கையில் கிடைத்ததை எல்லாம் பிரதமன் ஆக்கிப் பழகிய கை, கேரட்டை மட்டும் விடுமா? மூன்றாவதுதான் உங்கள் நோட்டில் இருப்பது. மாவும் கொழுப்பும் சோடாவும் சேர்ந்து ஆவியில் எழும்புகிற, கத்தியால் வெட்டிச் சாப்பிடுகிற புட்டிங். அல்வாவிலும் பாயாசத்திலும் தண்ணீர் அதிகமானால் இன்னும் கொஞ்ச நேரம் கிளறி வற்ற வைத்துவிடலாம். இதில் மூடி போட்டுக் கட்டிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே போகாது. உள்ளே என்ன வைத்தீர்களோ அதுதான் கடைசி வரை. உங்கள் புட்டிங் கெட்டதற்குப் பாதிக் காரணம் இங்கேயே இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கேரட்டில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர். உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80. பழைய குறிப்பில் ஒரு துளி பால், தண்ணீர் எதுவும் ஊற்றச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? காரணம், சீனி பட்டதும் துருவல் தானே தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரில்தான் மாவு பிசைபட வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரியும். நீங்கள் கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றியிருப்பீர்கள். வடிகட்டாமல் முடியாது, மண்ணும் ஓலைத்தும்பும் கிடக்கும். அந்த வகையில் ஒரு அரை கப் தண்ணீர் கணக்கில் இல்லாமல் உள்ளே போயிருக்கும். அதோடு டிசம்பர் கருப்பட்டி. பதநீர் இறக்குகிற காலம் முடிந்து மாதக்கணக்காகி, ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் குடித்துக் கையில் ஒட்டுகிற பதத்தில்தான் அப்போது கிடைக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் அடுக்களைக்கு மேலே பரணில் புகை படும்படி வைத்திருந்தால்தான் அது கல்லாக இருக்கும். ஆகவே கருப்பட்டி போடலாம், தாராளமாகப் போடலாம், எனக்கு இந்தப் புட்டிங்கில் சீனியைவிடக் கருப்பட்டிதான் பிடிக்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான். கொஞ்சமே தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, திரும்ப அடுப்பில் வைத்துக் காய்ச்சிக் குறுக்குங்கள். கரண்டியிலிருந்து விழும்போது தேன் மாதிரி இழுத்து விழ வேண்டும். கம்பிப் பதம் வரை போகாதீர்கள், ஆறியதும் கட்டியாகி மாவில் கலக்காது. நன்றாக ஆறவிட்டுச் சேருங்கள்.

துருவலைப் பிழிந்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். பிழிந்தால் தண்ணீரோடு இனிப்பும் மணமும் போய்விடும், மிஞ்சுவது நார். நான் பிழிவதில்லை. அதற்குப் பதில் மைதாவில் ஒரு பங்கைக் குறைத்து ரொட்டித் தூள் சேர்க்கிறேன். முந்தின நாள் பிரெட்டைக் காயவைத்து மிக்ஸியில் ஒரு சுற்று, அவ்வளவுதான். மைதா தண்ணீர் பட்டால் பசையாகும், ரொட்டித் தூள் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு இடைவெளி விட்டு நிற்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1699-இல் ஜான் ஈவ்லின் என்ற ஆங்கிலேயர் எழுதிய புத்தகத்தில் இருக்கிற கேரட் புட்டிங்கிலேயே துருவிய கேரட்டில் பாதி அளவுக்குத் துருவிய ரொட்டி போடச் சொல்கிறார், கூடவே பாலாடை, வெண்ணெய், முட்டை, சீனி, ஜாதிக்காய். மாவே கிடையாது. அவருடையது ஓவனில் வைக்கிற வகை, ஆனால் கேரட்டின் ஈரத்தை ரொட்டியிடம் ஒப்படைப்பது என்ற புத்தி முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

இனி சோப்பு வாடையும் பச்சைப் புள்ளியும். இரண்டுக்கும் குற்றவாளி சோடா. ஆப்பச் சோடாவுக்குப் புளிப்பு ஏதாவது கிடைத்தால் உடனே நுரைத்துக் காற்று விட்டுத் தன் வேலையை முடித்துவிடும். புளிப்பு போதாமல் மிஞ்சுகிற சோடா சூட்டில் உடைந்து சலவைச் சோடாவாக மாறும், நாக்கில் சோப்பு மாதிரி தட்டுவது அதுதான். பச்சைப் புள்ளியும் சோடாவின் காரத்தன்மையால் வருவது. கேரட்டில் இருக்கிற ஒரு சத்து, புளிப்புக்கு நேர் எதிரான அந்தக் காரத்தன்மை பட்டால் பச்சையாகத் திரும்பும், சோடா கட்டியாக ஓர் இடத்தில் தங்கியிருந்தால் அந்த இடம் மட்டும் பச்சைப் பிடிக்கும். விஷமில்லை, பயப்பட வேண்டாம், பார்க்கத்தான் பூஞ்சை மாதிரி இருக்கும். சோடாவை மைதாவோடு சேர்த்து இரண்டு தடவை சலித்துவிட்டால் புள்ளி போய்விடும்.

ஏன் சோடா மிஞ்சியது என்பதற்கு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நோட்டில் எல்லாமே ‘ஒரு கப்’ என்று இருக்கிறது. எல்லாம் ஒரே கப்பாக இருக்கும்வரை அது டீ கப்பா பெரிய கப்பா என்பது பிரச்சினையே இல்லை, விகிதம் சரியாக வந்துவிடும். ஆனால் ஸ்பூன் மட்டும் அந்த விகிதத்தில் சேராது. அமெரிக்கா, கனடா பக்கத்து வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற கேரட் புட்டிங்குக்கும் இதே ஒரு கப் கேரட், ஒரு கப் உருளைக்கிழங்கு கணக்குதான், அங்கே கப் என்றால் 240 மில்லி, ஸ்பூன் என்றால் 5 மில்லி. நீங்கள் வீட்டு டீ கப்பில் அளந்தால் அது 150 மில்லிதான் இருக்கும், மற்றதெல்லாம் குறைந்துவிட்டது, சோடா மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஸ்பூனும் சாப்பாட்டு ஸ்பூனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இது ஊகம்தான், ஆனால் பழைய நோட்டுகளைப் பார்த்துச் செய்து சோப்பு வாடை அடிக்கிறது என்று என்னிடம் வருகிறவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது. கருப்பட்டி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுக் குறிப்புகளில் போடுகிற பழுப்புச் சீனியில் கொஞ்சம் புளிப்பு உண்டு, சோடாவுக்கு அது கை கொடுக்கும். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குகிறார்கள், அப்படி வந்த கருப்பட்டியிடம் புளிப்பை எதிர்பார்க்க முடியாது. அதனால் ஒரு டேபிள்ஸ்பூன் புளித்த தயிரோ, அரை எலுமிச்சையின் சாறோ சேர்த்துவிடுங்கள். வாயில் புளிப்பு தெரியாது.

சூயட் என்பது மாட்டின் அல்லது ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கிற கெட்டிக் கொழுப்பு. கறிக்கடையில் சொல்லி வைத்தால் ஆட்டுக் கொழுப்பு தருவார்கள், ஆனால் சவ்வு நீக்கிப் பொடியாக்குவது பெரிய வேலை, மணமும் எல்லாருக்கும் பிடிக்காது. அதன் விசேஷம் ருசியில் இல்லை, அது உருகுகிற சூட்டில் இருக்கிறது. வெண்ணெய் உருகுகிற சூட்டுக்கு மேலேயும் சூயட் கொஞ்ச நேரம் கட்டியாகவே நிற்கும். அதற்குள் சுற்றியுள்ள மாவு பிடிக்க ஆரம்பித்துவிடும், பிறகு கொழுப்பு உருகி ஒழுகியதும் அது இருந்த இடம் ஓட்டையாக மிஞ்சும். அதனால்தான் அந்தப் புட்டிங் கனமான சாமான்களோடும் பஞ்சாக இருக்கிறது. நீங்கள் நெய்யை உருக்கி ஊற்றியதால் அது முதலிலேயே மாவில் ஊறி அடைத்துக்கொண்டது. மாற்று என்னவென்றால், உப்பில்லாத வெண்ணெயை ஃப்ரீசரில் கல்லாக்கி, கேரட் துருவியிலேயே துருவி, கடைசியில் கை படாமல் கரண்டியால் கலப்பது. நெய்தான் வேண்டும் என்றால் ஃப்ரிட்ஜில் உறையவைத்துக் கத்தியால் சீவிப் போடலாம், வெண்ணெய் அளவுக்கு வராது. தேங்காய் எண்ணெய் போட்டால் என்ன என்று நம்ம ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள். மணம் அருமையாக இருக்கும், ஆனால் அது 25 டிகிரியிலேயே உருகிவிடும், நம்ம ஊர் அடுக்களையில் கரண்டியை எடுப்பதற்குள் தண்ணீராகிவிடும். பாதி வெண்ணெய் பாதி தேங்காய் எண்ணெய் என்றால் ஒத்துக்கொள்ளலாம்.

என் அளவைத் தருகிறேன், தராசு வைத்து நிறுத்துப் போடுங்கள், கப்பை மறந்துவிடுங்கள். கேரட் துருவல் 150 கிராம், உருளைக்கிழங்குத் துருவல் 100, மைதா 100, ரொட்டித் தூள் 60, கருப்பட்டி 150 (பாகு வைக்கும் முன் எடை), உறைந்த வெண்ணெய் 75, உலர்ந்த திராட்சை 100, உடைத்த அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு) ஒரு கை, முட்டை ஒன்று, சோடா தலைதட்டி முக்கால் டீஸ்பூன், உப்பு இரண்டு சிட்டிகை, மேலே சொன்ன தயிர். முட்டை வேண்டாதவர்கள் விட்டுவிடலாம், பழைய குறிப்பிலும் முட்டை இல்லை, உருளைக்கிழங்கின் மாவே பிடித்துக்கொள்ளும், ஆறிய பிறகு வெட்ட வேண்டும், சூட்டில் வெட்டினால் உதிரும். மசாலாவில் கிராம்பு மட்டும் பார்த்துப் போடுங்கள். மாறாமலை, வெள்ளிமலைப் பக்கத்து நம்ம கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எண்ணெய் நிறைந்த காரமான சரக்கு, மூன்று போதும், அதற்கு மேல் போனால் பல் டாக்டர் அறை மணம் வந்துவிடும். பட்டை ஒரு துண்டு, ஜாதிக்காய் கொஞ்சம் உரசல். கேரட்டின் நடுத்தண்டு வெளிறி மரமாக இருந்தால் அதைத் துருவாமல் சாம்பாருக்கு வைத்துவிடுங்கள். துருவியில் சின்னக் கண் பக்கம் துருவ வேண்டும், பெரிய கண்ணில் துருவினால் கீறல் கீறலாகத் தனியே கிடக்கும். உருளைக்கிழங்கைக் கடைசியில் துருவுங்கள், முன்னாலேயே துருவி வைத்தால் கறுத்துவிடும்.

கலப்பதற்கு முன்னாலேயே பானையில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்திருக்க வேண்டும். இதுதான் பலர் கோட்டை விடுகிற இடம். கலந்து வைத்துவிட்டு அதன் பிறகு அடுப்பைப் பற்றவைத்தால், அந்தக் கால் மணி நேரத்தில் துருவல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும், சோடாவும் வீணாக நுரைத்து அடங்கிவிடும். பாத்திரத்தில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மேலே நெய் தடவிய பட்டர் பேப்பரை நடுவில் ஒரு மடிப்பு வைத்து மூடுங்கள், எழும்பும்போது அந்த மடிப்பு விரிந்து கொடுக்கும். அதற்கு மேல் வாட்டிய வாழையிலை ஒன்றைப் போட்டு, கழுத்தில் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். வாழையிலை இல்லாவிட்டாலும் குடி முழுகாது, எனக்கு அந்த மணம் பிடிக்கும். தூக்குச்சட்டியின் மூடியை மட்டும் போட்டால் போதாது, பெரிய பானையின் மூடியில் கோர்க்கிற நீர் சொட்டுச் சொட்டாக விழுந்து இடுக்கு வழியே உள்ளே இறங்கும், நீங்கள் சொன்ன கொழகொழப்பில் அதுவும் ஒரு பங்கு இருக்கும். இட்லிக்கு மூடியில் துணி கட்டுவீர்களே, அதையே இங்கும் செய்யலாம். இட்லிப் பாத்திரத்தில் இன்னொரு தொல்லை, தண்ணீர் கொஞ்சம்தான் பிடிக்கும், முக்கால் மணி நேரத்தில் வற்றிவிடும். ஒரு பெரிய குட்டுவத்தை (அகலமான பாத்திரத்தை) எடுத்து, அடியில் மடித்த துணியோ கவிழ்த்த தட்டோ போட்டு, அதன் மேல் புட்டிங் பாத்திரத்தை வைத்து, அதன் பாதி உயரம் வரை கொதிக்கிற தண்ணீர் ஊற்றுங்கள். குறையக் குறைய ஊற்றுவதும் கொதிக்கிற தண்ணீராகவே இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் சூடு இறங்கி, எழும்பியது அமுங்கிவிடும். முதல் ஒரு மணி நேரம் கட்டை அவிழ்த்துப் பார்க்கக் கூடாது.

நேரம் விஷயத்தில் உங்கள் மாமியாரின் நோட்டு சரி, நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். ஆவி நூறு டிகிரியைத் தாண்டாது, அந்தச் சூடு ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத்தான் போய்ச் சேரும். ஒரு லிட்டர் தூக்குச்சட்டிக்கு இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் கட்டாயம் வேண்டும். மேலே வெந்ததா என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. நீளமான ஈர்க்குச்சியை நட்ட நடுவில் அடி வரை குத்தி எடுங்கள், பிசுபிசுப்பு இல்லாமல் வரவேண்டும், திராட்சையில் குத்தி ஏமாறாமல் இரண்டு இடத்தில் பாருங்கள். கேஸ் செலவை நினைத்து மலைப்பாக இருந்தால் சின்ன எவர்சில்வர் டம்ளர்களில் பிரித்து வையுங்கள், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆளுக்கு ஒன்றாகக் கவிழ்த்துக் கொடுக்கவும் வசதி. குக்கரில் செய்யலாம், ஆனால் முதல் இருபது நிமிடம் வெயிட் போடாமல் வெறும் ஆவியில் எழும்ப விட்டு, அதன் பிறகுதான் வெயிட் போட்டுச் சிறு தீயில் வைக்க வேண்டும். முதலிலேயே வெயிட் போட்டால் அழுத்தத்தில் எழும்பாமல் களியாகிவிடும். குக்கருக்கு எத்தனை நிமிடம் என்று ஒரே எண்ணாகச் சொல்ல மாட்டேன், பாத்திரத்தின் அளவைப் பொறுத்து மாறும். டம்ளர் அளவு என்றால் வெயிட் போட்ட பிறகு அரைமணி நேரத்தில் திறந்து குத்திப் பாருங்கள்.

நம்ம ஊர் பலகாரம்தானா என்ற கேள்விக்கு வருகிறேன். காய் நம்ம ஊருடையது இல்லை. கேரட்டை முதலில் விளைவித்தது ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம், அப்போது அது ஊதாவும் மஞ்சளுமாக இருந்தது. ஆரஞ்சுக் கேரட் பிற்பாடு ஐரோப்பாவில், குறிப்பாக நெதர்லாந்துப் பக்கம் பரவியது. தமிழ்நாட்டில் 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில் ஐரோப்பியக் காய்களைப் பயிரிட வைத்ததிலிருந்துதான் மலைக் கேரட்டின் கதை தொடங்குகிறது. சீனி விலை அதிகமாக இருந்த நாடுகளில் இனிப்புக்காகவே கேரட்டைப் புட்டிங்கில் போட்டார்கள், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் சீனிக்கு ரேஷன் வந்தபோது கிறிஸ்துமஸ் புட்டிங்கில் கேரட் மறுபடியும் ஏறியது. இதெல்லாம் உறுதியான விஷயம். நம்ம மாவட்டத்துக்கு எப்படி வந்தது என்பதில்தான் ஆளுக்கொரு கதை. 1806-இல் மைலாடிக்கு ரிங்கல்தௌபே என்ற மிஷனரி வந்தார், 1818-இல் நாகர்கோவிலுக்கு மீட் என்ற மிஷனரி வந்தார், அவர்களுக்குப் பின் வந்த மிஷனரிக் குடும்பத்து மால்ட் அம்மையார் லேஸ் பின்னல் சொல்லிக்கொடுத்தார், இதெல்லாம் பதிவில் இருக்கிறது. லேஸ் சொல்லிக்கொடுத்த அம்மையார்கள்தான் புட்டிங்கும் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பல வீடுகளில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நடந்திருக்கவும் கூடும், ஆனால் அதைச் செவிவழிக் கதை என்ற அளவில்தான் நான் எடுத்துக்கொள்வேன். அமெரிக்க, கனடா வீட்டுக் கணக்கு அப்படியே உங்கள் நோட்டில் இருப்பதைப் பார்த்தால், வெளிநாட்டில் நர்ஸாக வேலை பார்த்த யாரோ ஒருவர் கடிதத்தில் எழுதி அனுப்பியதாகவும் இருக்கலாம். மாமியாரிடமே கேட்டுப் பாருங்களேன், நோட்டில் அது யார் கையெழுத்து என்று. ஆவியில் வேகவைத்து இனிப்பு செய்வது மட்டும் நமக்குப் புதிதில்லை. தெரளி இலைக் கொழுக்கட்டையும் வட்டயப்பமும் செய்கிற கைக்கு இந்தப் புட்டிங் சீக்கிரம் பிடிபடும்.

மாமனார் விஷயம். கருப்பட்டியும் பெரும்பங்கு சீனியேதான், இரும்பும் தாதுவும் கொஞ்சம் அதிகம் இருக்கிறது என்பதற்காக இரத்தத்தில் சுகர் ஏறாமல் இருந்துவிடாது. இதில் மைதா, உருளைக்கிழங்கு, திராட்சை வேறு. பண்டிகைக்கு ஒரு சின்னத் துண்டு சாப்பிடலாமா என்பதை அவரைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும், சமையல்காரன் சொல்லக் கூடாது.

மேலே ஊற்றிச் சாப்பிட வெளிநாட்டில் எலுமிச்சை சாஸ், கஸ்டர்ட் என்று செய்வார்கள். நம்ம ஊருக்குத் தேங்காய்ப்பால் போதும். இரண்டாம் பாலில் ஒரு துண்டு கருப்பட்டியும் கொஞ்சம் சுக்குப்பொடியும் போட்டுக் கொதிக்க வைத்து வற்றியதும் இறக்கி, சூடு தணிந்த பிறகு ஒன்றாம் பாலை ஊற்றிக் கலக்குங்கள். ஒன்றாம் பாலை அடுப்பில் கொதிக்க விட்டால் திரிந்துவிடும், பிரதமன் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. புட்டிங் சூடாகவும் பால் வெதுவெதுப்பாகவும் இருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் புட்டிங்கை மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடுவார்களாமே என்று கேட்டிருந்தீர்கள். அது உலர்பழமும் சீனியும் பிராந்தியும் நிறைந்த வேறு சாதி, வைப்பதும் குளிர் நாட்டில். நம்முடையது ஈரமான கேரட்டும் உருளைக்கிழங்கும் உள்ளது, நம்ம ஊர் வெக்கையில் ஒரு நாளுக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் நான்கைந்து நாள் நிற்கும், மறுபடி இருபது நிமிடம் ஆவி காட்டினால் புதிதாகச் செய்த மாதிரி ஆகிவிடும், சொல்லப்போனால் முதல் நாளைவிட மறுநாள் மசாலா இறங்கி இன்னும் நன்றாகவே இருக்கும். அதனால் 23-ஆம் தேதி சாயங்காலம் செய்து வைத்துவிடுங்கள், 24-ஆம் தேதி அடுக்களையில் முறுக்கும் முந்திரிக்கொத்தும் ஓடிக்கொண்டிருக்கும்போது இதற்கு மூன்று மணி நேரம் அடுப்பு ஒழியாது. அதற்கு முன்னால் ஒரு தடவை டம்ளர் அளவில் செய்து பாருங்கள், அப்போதும் நடுவில் பிசுபிசுத்தால் எந்தப் பாத்திரம், எவ்வளவு நேரம், கருப்பட்டிப் பாகு எந்தப் பதம் என்ற மூன்றையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.